யோகராசாவை ஊரே கூப்பிட்டது

அத்தியாயம் பதினாறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன ஜீவராணி, அங்கே தன் குரலைக் கேட்டாள்.

பக்கத்து லயத்து வீட்டுப் பெண் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லின் ஓரத்தில் அவளுடைய போன். கிட்டார் சத்தம், தப்பு அடிக்கிற சத்தம், நாலு பையன்கள் சேர்ந்து பாடுகிற சத்தம். அதற்கு நடுவில் ஒரு பெண்ணின் குரல் கிழிந்துகொண்டு மேலே எழும்பியது.

"யோகராசா... ஏ யோகராசா..."

துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துப் பதறிப்போய் ஈரக்கையோடு போனை அமுக்கினாள்.

"ஐயோ அக்கா, நீங்க வந்தத கவனிக்கல."

"பரவால்ல. பாடட்டும்."

ஜீவராணி வாளியைப் பீலிக்கு அடியில் வைத்தாள். அது நிரம்பும்வரை அந்தப் பெண் பாட்டை மறுபடி போடவில்லை.

போன வெள்ளிக்கிழமை வெளியான பாட்டு இது. வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் பையன்களும் பதுளை டவுன் ஹுமைத்தும் சேர்ந்து 'ஏழாங்கட்டை' என்று ஒரு குழு வைத்திருப்பதும், அதில் முன்னுக்கு நின்று பாடுகிறவன் ஜீவராணியின் தம்பி சதீஸ்குமார் என்பதும் நம் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. இந்த வாரம்தான் முதல்முதலாகப் படிக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

யோகராசா, ஜீவராணியின் புருசன். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் இராத்திரி வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பகல் நேரம், தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். தொழிற்சாலைக்காரர் மலைக்கு ஏன் போனார் என்று கேட்டவர்களுக்கு, வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சியை விறகுக்குப் பொறுக்கப் போனார் என்று பதில் சொல்லப்பட்டது.

யோகராசாவின் அக்கா விஜயலெட்சுமி கத்தாருக்கு வீட்டு வேலைக்குப் போனவள். தம்பி செத்ததற்கு அவளால் வர முடியவில்லை. அவளுக்கு அனுப்புவதற்காகச் சதீஸ் அன்றைக்கு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தான். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்ததையும் எடுத்தான். இப்போது எல்லாத் தோட்டங்களிலும் நடப்பதுதான் இது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குச் சாவும் போனில்தான் வருகிறது.

அந்த வீடியோவிலிருந்து தன் அக்கா ஜீவராணியின் குரலைக் கொஞ்சம் வெட்டியெடுத்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டுக்குள் போட்டுவிட்டான் தம்பி.

பாட்டு ஓடுகிறது என்றால் சாதாரணமாக ஓடவில்லை. பதுளை பஸ் நிலையத்தில் ஓடுகிறது, வெலிமடையிலிருந்து லீக்ஸ் ஏற்றி வருகிற லொறியில் ஓடுகிறது. கொழும்பு ரேடியோவில் ஓர் அறிவிப்பாளர், 'மலையகத்திலிருந்து ஒரு துள்ளல்' என்று சொல்லிவிட்டுப் போட்டாராம். பண்டாரவளையில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அதற்கு ஆடிய வீடியோவும் வந்துவிட்டது. யோகராசா என்பது எந்தச் சாமி என்று பாட்டுக்குக் கீழே கடல் தாண்டி ஒருத்தர் கேட்டிருந்தார். அது சாமி இல்லை, பழைய காலத்து ராசா என்று இன்னொருத்தர் விளக்கம் எழுதியிருந்தார். கருத்துச் சொல்ல மட்டும் நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜீவராணி கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. 'இந்தாங்க' என்பாள். தூரத்தில் போனால் கையைத் தட்டுவாள். டிஸ்பென்சரியில் புருசன் பேர் என்ன என்று கேட்டபோது, வெட்கத்தோடு திரும்பி, வரிசையில் பின்னால் நின்ற பெண்ணைச் சொல்ல வைத்திருக்கிறாள். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நான் காணாமப் போனா என்னா சொல்லித் தேடுவ?" என்று கேட்பார்.

அவள் வாயில் முதன்முதலாக அந்தப் பேர் வந்தது அவர் பிணமாகக் கிடந்த அன்றைக்குத்தான் போலிருக்கிறது. அதுவும் அவளுக்கு நினைவில்லை. அன்றைக்கு யார் வந்தார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள், தான் என்ன சொல்லி அழுதாள், ஒன்றும் நினைவில்லை. அதற்குப் பிறகு அவள் அழவும் இல்லை.

பாட்டைக் கேட்டதும் ஜீவராணி ஆத்திரப்படுவாள், தம்பியின் சட்டையைப் பிடிப்பாள் என்று லயத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல், அவள் அந்தப் பாட்டைக் கேட்டாள்.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குரல் அந்தப் பாட்டில் இருக்கக்கூடாது.

லயத்தில் தன் காம்பராவுக்குள் வந்தபோது அங்கேயும் அதே பாட்டு. மாமியார் ஜெயலெட்சுமி கட்டிலில் உட்கார்ந்து, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பாட்டு முடிந்ததும் விரலால் தடவித் தடவி மறுபடியும் முதலிலிருந்து போட்டார். மூன்று நாளாக இதுதான் வேலை.

"புள்ள, இங்க வாயேன். எம்புள்ள பேர எத்தன பேரு சொல்றாங்க பாத்தியா."

"பாத்தேன் மாமி. தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"செத்ததுக்குப் பொறகு இந்த லயத்துல எவனாச்சும் அவன் பேரச் சொன்னானா? நான் இருந்தா பேச்ச மாத்துறாங்க. இப்ப ஒலகமே சொல்லுது." ஜெயலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சதீசு நல்லா இருக்கட்டும். அந்தப் புள்ளைக்குத்தான் எம்மகன் மேல எவ்வளவு பாசம்."

ஜீவராணி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். மாமியார் இருந்தால் பேச்சை ஏன் மாற்றுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். லயத்தில் அதற்குக் காரணம் தெரியாத ஆள் ஜெயலெட்சுமி ஒருத்தர்தான்.

பனி விலகுகிற நேரத்துக்குச் சதீஸ் வேனில் வந்து இறங்கினான். புதுச்சட்டை. முகம் மட்டும் தூங்காத முகம். ஜெயலெட்சுமியின் காலைத் தொட்டான். அவர் அவன் தலையைத் தடவி, "போய்ட்டு வாங்க ரெண்டு பேரும். வருசம் திரும்பலன்னு பாக்காத ராணி. அவன் பேருக்கு நடக்குற விசேசம் இது" என்றார்.

ஜீவராணி தம்பியைக் காம்பராவின் பின்பக்கம், போஞ்சிப் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நான் வர்றேன்னு எப்ப சொன்னேன்?"

"அக்கா, பதுளையில பகல் ஷோ. ஹால் நெறஞ்சிருச்சு. கொழும்புலருந்து டீவிக்காரங்க வர்றாங்க. ஒரு நிமிசம் மேடையில வந்து நின்னா போதும்."

"எங் கொரல எடுத்துரு."

"என்னாக்கா?"

"பாட்டுலருந்து எங் கொரல எடுத்துருன்னேன்."

சதீஸ் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டான். "அதுதாங்க்கா பாட்டே. மத்ததெல்லாம் நாங்க சும்மா சுத்திக் கட்டுனதுதான்."

"என்னைய கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுருப்ப."

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்சிருக்க."

அவன் கம்பிலிருந்து கையை எடுத்தான். அப்புறம் மெதுவாக, "மச்சானுக்காகத்தாங்க்கா பண்ணுனேன்" என்றான்.

"மச்சானுக்காக ஏதாச்சும் செய்யணும்னா, அன்னிக்கு நீ வேலைக்குப் போயிருக்கணும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எட்டு மாதத்தில் அவள் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. சொன்ன பிறகும் மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை.

அன்றைக்குக் கவ்வாத்துக்குப் போக வேண்டியவன் சதீஸ். ஏற்கெனவே பாட்டு, ஒத்திகை என்று அடிக்கடி மட்டம் போட்டவன். இன்னொரு நாள் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பார்த்து ஹுமைத்தின் அறையில் ரெக்கோர்டிங். இராத்திரி வேலை முடித்து வந்த யோகராசா, "நீ போடா, நான் பாத்துக்கிறேன்" என்று அவனை அனுப்பிவிட்டு, தூங்காமல், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நின்றார். சதீஸ்குமார் என்று கங்காணி கூப்பிட்டார். யோகராசா 'இருக்கேன்' என்றார். கங்காணியும் தலையைத் திருப்பிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். மிலாறு பொறுக்கப் போன கதை அவர் செத்த பிறகு கட்டியது. தம்பி பிழைக்கட்டும் என்று ஜீவராணியும் அதற்குத் தலையாட்டினாள். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.

"எடுத்துர்றேன்" என்றான் சதீஸ். "இன்னிக்கு மேடையில ஒங் கொரல் வராது. நாளைக்குப் பாட்டையும் மாத்திப் போடுறேன். நீ மட்டும் வாக்கா. நீ வரலன்னா என்னால பாட ஏலாது."

ஜீவராணி சேலை மாற்றிக்கொண்டு வேனில் ஏறினாள்.

பதுளை மண்டபத்தில் கூட்டம் வாசல் படிவரைக்கும் நின்றது. பசறை, மடுல்சீமை, நமுனுகுல என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பலருடைய சட்டையில் 'ஏழாங்கட்டை' என்று அச்சடித்திருந்தது. ஏழாங்கட்டை என்பது தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில் இருக்கிற வெறும் பஸ் தரிப்பிடம். மழைக்கு ஒதுங்கக்கூட அங்கே கூரை கிடையாது.

மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அருகில் ஹுமைத் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். மெலிந்த பையன், அப்பாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில்தான் இத்தனை பாட்டும் செய்கிறான்.

"சதீஸ் சொன்னான் அக்கா. ஒங்கட வொய்ஸ் வார இடத்த நான் மூடிட்டேன். பாருங்க, இதுதான். இன்னைக்கி சத்தம் வராது."

கணினித் திரையில் பச்சைக் கோடுகள் நிறைய ஓடின. அதில் ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதுதான் அவள்.

பாட்டு ஆரம்பித்தது. தப்பு விழுந்ததுமே கூட்டம் எழுந்துவிட்டது. சதீஸ் நன்றாகப் பாடினான். தம்பி நன்றாகப் பாடுகிறான் என்று ஜீவராணிக்குத் தெரிந்தது, ஆனால் சந்தோசமோ துக்கமோ வரவில்லை. மேடை விளக்கில் கண் கூசியது. பக்கத்தில் யாரோ முறுக்குத் தின்கிற வாசம்.

அவள் குரல் வரவேண்டிய இடம் வந்தது. எல்லா வாத்தியமும் நின்றது. ஹுமைத் சொன்னபடி ஒரு சத்தமும் வரவில்லை.

அந்த இடத்தில் மண்டபம் கூப்பிட்டது.

"யோகராசா! ஏ யோகராசா!"

ஆயிரம் பேர் இருக்கும். பெண்பிள்ளைகளின் குரல்தான் முன்னால் கேட்டது. அவள் இழுத்த மாதிரியே இழுத்தார்கள், அவள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டார்கள். கதிரையில் உட்கார்ந்திருந்த ஜீவராணி சட்டென்று திரும்பி மண்டபத்தின் வாசலைப் பார்த்தாள்.

இத்தனை பேர் கூப்பிட்டால் யாராயிருந்தாலும் வரத்தானே வேண்டும்.

வாசலில் கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிற ஆள் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேறு யாரும் வரவில்லை. அவள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள், நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த றின்ஸா மைக்கோடு ஓரத்துக்கு வந்துவிட்டாள். ரேடியோவில் பேசுகிற பெண், கலகலப்பானவள். பின்னணி ஒன்றும் தெரியாது. "இந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க இங்கதான் இருக்காங்க!" என்று அறிவித்துவிட்டு, ஜீவராணியின் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். சதீஸ் வேண்டாம் என்று தலையசைத்ததை அவள் கவனிக்கவில்லை.

"அக்கா, எல்லாரும் கேக்குறாங்க. யாரு அந்த யோகராசா?"

மைக் வாய்க்கு நேரே வந்தது. ஜீவராணி அதைப் பார்த்தாள். பேரைச் சொல்லச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று பழக்கத்தில் பின்னால் திரும்பினாள், சொல்லித்தர யாராவது நிற்கிறார்களா என்று. பின்னால் தம்பி நின்றான்.

கூட்டத்தில் ஒரு பக்கம் மறுபடி "யோகராசா!" என்று ஆரம்பித்தது. மற்றப் பக்கமும் சேர்ந்துகொண்டது.

"கூப்பிடாதீங்க" என்றாள் ஜீவராணி.

மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. சத்தம் அடங்கியது.

"நானும் கூப்பிட்டுப் பாத்தேன். அவரு வரமாட்டாரு."

பிறகு யாரோ ஒருத்தர் கைதட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள், எழுந்து நின்று தட்டினார்கள், விசிலடித்தார்கள். நிகழ்ச்சியில் அதுவும் ஒரு அங்கம் என்று நினைத்திருப்பார்கள். றின்ஸாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது. அவள் மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு, ஜீவராணியைத் திரைக்குப் பின்னால் கொண்டுவந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "மன்னிச்சிருங்க அக்கா, எனக்குத் தெரியாது" என்று மூன்று நான்கு தடவை சொன்னாள்.

"பரவால்லம்மா" என்றாள் ஜீவராணி. தண்ணீர் இனித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

புறப்படுகிற நேரம் ஹுமைத் வேனுக்குப் பக்கத்தில் வந்தான். சதீஸ் இன்னும் உள்ளே டீவிக்காரர்களோடு நின்றான்.

"அக்கா, ஒண்டு செல்லணும். சதீஸ் எனக்குத் தந்த வீடியோ நீளம். நாங்க எடுத்தது கொஞ்சம்தான். மிச்சத்துல நீங்க வேற ஒண்டும் செல்லியிருக்கீங்க. சதீஸ் அத ஆருக்கும் போட்டுக் காட்ட வேணாம்னுட்டான். ஆனா அது ஒங்கட. எங்கட கையில வெச்சிருக்க எனக்கு விருப்பமில்ல." அவள் போனுக்கு அதை அனுப்பிவிட்டுத் தன் இயர்போனையும் கழற்றிக் கொடுத்தான்.

பசறை ரோட்டில் வேன் வளைந்து வளைந்து ஏறியது. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. முன்சீட்டில் சதீஸ் போனைப் பார்த்துக்கொண்டு வந்தான். அக்கா மேடையில் பேசிய துண்டு அதற்குள் வெளியாகி, அதற்குக் கீழே அழுகிற முகங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள் சனங்கள். அவன் அதை அக்காவிடம் காட்டவில்லை.

ஜீவராணி இயர்போனைக் காதில் வைத்தாள்.

முதலில் பல பெண்களின் அழுகை ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டது. அப்புறம் அவள் குரல், போனுக்கு மிகப் பக்கத்தில். பாட்டில் வந்த துண்டு வந்து போனது. அதற்குப் பிறகு பாட்டில் வராத துண்டு வந்தது.

"தம்பி பேருக்கு ஏன் இருக்கேன்னு சொன்ன யோகராசா... தம்பி மலைக்கு நீ ஏன் போன... அவன் பாடப் போனான், நீ சாகப் போனியே..."

அவள் முழுசும் கேட்டாள். கேட்டுவிட்டு இயர்போனைச் சுருட்டி மடியில் வைத்தாள். தன் வாயால் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று எட்டு மாதமாக நம்பியிருந்தாள். சொல்லியிருக்கிறாள். மற்றப் பெண்களின் அழுகையில் அன்றைக்கு யார் காதிலும் விழவில்லை, போன் மட்டும் கேட்டிருக்கிறது.

"சதீஸ்."

"ஆங்க்கா."

"இந்த வீடியோ யாருகிட்டல்லாம் இருக்கு?"

எந்த வீடியோ என்று அவன் கேட்கவில்லை.

"எங்கிட்ட. ஹுமைத்கிட்ட." கொஞ்சம் பொறுத்து, "விஜயாக்காவுக்கு அன்னிக்கே அனுப்புனேன். நான் முழுசா கேக்காமதான் அனுப்புனேங்க்கா. ஆனா அது பாக்கல. தம்பி மொகத்த அப்பிடிப் பாக்க மனசு வரல, தெறக்கவே மாட்டேன்னு அப்பவே சொல்லிருச்சு."

"பாட்டு கத்தாருக்கும் போயிருக்கும்ல?"

வேன் ஏழாங்கட்டையைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் திரும்பியது. தேயிலைக்கு மேலே பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

லயத்து முன்னால் இறங்கியதும் ஜீவராணிக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. காம்பராவிலிருந்து பாட்டு கேட்கவில்லை. மூன்று நாளில் இதுதான் முதல் தடவை.

ஜெயலெட்சுமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். போன் கையில்தான் இருந்தது, ஆனால் காதில் இல்லை. மருமகளை அவர் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிச் சதீஸைத்தான் பார்த்தார். கண் காய்ந்திருந்தது.

"விஜயா பேசுச்சு" என்றார். "பாட்டுல வர்றது அந்த வீடியோவுல உள்ள கொரலான்னு பாக்க, இன்னிக்குத்தான் அதத் தெறந்திச்சாம். முழுசும் கேட்டுச்சாம்."

சதீஸ் வேன் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"கிட்ட வாய்யா சதீசு" என்றார் ஜெயலெட்சுமி. காலையில் தலையைத் தடவியபோது இருந்த அதே குரல்தான். "எனக்கு ஒன்னே ஒன்ன மட்டும் சொல்லு. அன்னிக்குப் பெரட்டுல ஒம் பேரக் கூப்பிட்டப்போ, இருக்கேன்னு சொன்னது யாருய்யா?"